ஐம்பது ஹெர்ட்ஸ்

இரவு பன்னிரண்டுக்கு மேல் கண்ணயர விடக்கூடாது,
தலையில் எண்ணெய்ப் பிசுக்கு இருக்கக்கூடாது
என்று சீட்டில் எழுதிக் கொடுத்திருந்தார்கள்.
வீட்டில் என்றால் தூங்கிவிடுவான்.
கடைசி பஸ்ஸில் மதுரைக்குக் கூட்டிவந்தேன்.
தூங்கா நகரம் என்று பேர் வாங்கிய ஊர்
ஒரு ராத்திரிக்காவது உதவட்டுமே.

மாட்டுத்தாவணியில் ரெண்டு மணிக்கு
கொத்துப் பரோட்டா போட்டார்கள்.
இரும்புச் சத்தம்.
ஒச்சு காதைப் பொத்திக்கொண்டு ஓடினான்.
ஓடிப் போய் நின்ற இடம் டிரான்ஸ்பார்மர்.
எந்த ஊரானாலும் அங்கேதான் நிற்பான்.
மிக்ஸிக்கு அலறுகிறவன்,
குக்கர் விசிலுக்குக் கட்டிலடியில் நுழைகிறவன்,
இதன் பக்கத்தில் மட்டும் தோளைத் தளர்த்துவான்.
வாயைக் குவித்து ம்ம்ம் என்பான்,
அதே சுருதியில்.
நான் லைன்மேன். அது என்ன என்று எனக்குத் தெரியும்:
நொடிக்கு ஐம்பது தடவை போய்த் திரும்புகிற கரண்டு.
அவனுக்கு அது என்ன என்பது தெரியாது.

ரோந்து வந்த ஏட்டு வண்டியை நிறுத்தினார்.
பையன் யாரு?
என் மகன்.
இந்நேரத்துக்குத் தூங்க வைக்காம?
டாக்டர்தான் தூங்கவிடாதீங்கன்னு சொன்னாரு.
அவர் நம்பவில்லை.
டீ மட்டும் வாங்கிக் கொடுத்துவிட்டு
எதிர்ப்பக்கம் நின்று விடியும்வரை பார்த்துக்கொண்டே இருந்தார்.

ஒன்பதரைக்கு அண்ணா நகர், இரண்டாவது மாடி.
ஜெனோவா என்கிற அந்தப் பெண்
நாடாவால் மண்டையை அளந்து
சிவப்புப் பென்சிலால் இருபத்தொரு புள்ளி வைத்தார்.
முடி வெட்டவே மூன்று பேர் பிடிக்கவேண்டிய தலை.
ஒவ்வொரு புள்ளியிலும் பசை, பசைக்கு மேல் ஒயர்.
நான் காலைப் பிடித்துக்கொண்டேன்.
எவ்வளவு அழுத்திப் பிடித்தேன் என்பதைத்
தனக்கொடியிடம் இன்னும் சொல்லவில்லை.

அழுது ஓய்ந்து கண் சொருகியபோது
திரையில் வரிகள் வந்தன.
எல்லாம் கம்பளிப்பூச்சி மாதிரி தடித்து.
கரண்டு கலக்குது, என்றார் ஜெனோவா.
ஃபேனை நிறுத்தினார்.
என் செல்லை அணைக்கச் சொன்னார்.
நானும் எழுந்து எர்த்தைப் பார்த்தேன். சரியாகத்தான் இருந்தது.
தடிப்பு போகவில்லை.

ஒச்சு பாதித் தூக்கத்தில் ம்ம்ம் என்றான்.
கண்ணைத் திறக்காமல்
கையை மட்டும் நீட்டி
சுவரைத் தொட்டான்.
சுவருக்கு அந்தப் பக்கம் பல் டாக்டர்.
அவர் அறையில் பழைய ஸ்டெபிலைசர் ஒன்று.
ஜெனோவா போய்ச் சொல்லி அணைத்துவிட்டு வந்தார்.
வரிகள் மெலிந்தன,
நூல் நூலாக, அவனுடையவை மட்டும்.
இருபத்திரண்டு வருஷம் கம்பம் ஏறியவன் நான்.
எனக்குக் கேட்கவே இல்லை.

மாலை டாக்டர் தாளைக் காட்டினார்.
நாங்கள் பதில் சொன்ன கேள்விகளுக்கு
முப்பத்தெட்டரை மார்க்.
கடுமையானது, என்ற கட்டத்தில் டிக்.
அலையில் வலிப்புக்கான அடையாளம் ஒன்றும் இல்லை.
அலை சொல்றதும் மார்க் சொல்றதும்
எப்பவும் ஒத்துப்போகாது,
எங்களுக்கே இன்னும் முழுசாத் தெரியலை என்றார்.
அப்படிச் சொன்னதால் அவரைப் பிடித்திருந்தது.
சுவர் விஷயத்தைச் சொன்னேன்.
பேனாவைத் திறந்தார்.
எங்கே எழுதுவது என்று தாளைப் புரட்டிப் பார்த்தார்.
மூடி வைத்தார்.

எங்கள் கம்பங்களில் தொங்கும்,
அபாயம், கீழே மண்டையோடு, கீழே இரண்டு எலும்பு.
நானே எத்தனையோ மாட்டியிருக்கிறேன்.
கம்பத்தைப் பற்றி அந்தத் தகடு ஒன்றும் சொல்லாது.
ஏறத் தெரியாதவனுக்காக மாட்டுவது.

ஆரப்பாளையத்தில் உசிலம்பட்டி பஸ்.
பின் சக்கரத்துக்கு மேல் சீட், அவன் கேட்ட இடம்.
முடியில் பசை வெள்ளை வெள்ளையாகக் காய்ந்திருக்க
கண்ணாடியில் தலையைச் சாய்த்து
நேற்றைய தூக்கத்தையும் சேர்த்துத் தூங்கினான்.

செக்கானூரணியில் டிரைவர் இன்ஜினை அணைத்தார்.
உடனே விழித்துக்கொண்டான்.
அவர் டீ குடித்துவிட்டு வரும்வரை
பஸ் போடவேண்டிய சத்தத்தை
அவனே போட்டான்.
முன் சீட்டுக்காரர் திரும்பிப் பார்த்தார்.
நானும் கூடச் சேர்ந்து போட்டேன்.